டர்பன் கரையில் ஒதுங்கும் நீல உயிர்கள்: புளூபாட்டிலும் அதன் கூட்டாளிகளும்

கோடைக்காலத்தில் கிழக்குக் காற்று இரண்டு மூன்று நாள் விடாமல் அடித்தால், தென்னாப்பிரிக்காவின் டர்பன் கரையில், உம்லோட்டியிலிருந்து அமான்சிம்டோட்டி வரை ஈர மணலில் நீலப் பைகள் வரிசையாக ஒதுங்கிக் கிடக்கும். அன்று மாலையே டர்பனின் சாட்ஸ்வொர்த், பீனிக்ஸ் பகுதிக் குடும்பங்களின் வாட்ஸ்அப் குழுக்களில் படங்கள் சுற்ற ஆரம்பித்துவிடும். ‘விஷ ஜெல்லி மீன் வந்திருக்கிறது’, ‘நீல டிராகனைக் கண்டுபிடித்திருக்கிறார்கள்’, ‘கொட்டினால் சிறுநீர் ஊற்றுங்கள்’ என்று ஆளுக்கொரு செய்தி. டிசம்பர் விடுமுறைக்கு ஜொகனஸ்பர்க்கிலிருந்து பிள்ளைகளை அழைத்து வருபவர்கள் எதை நம்புவது என்று தெரியாமல் நிற்கிறார்கள்.

முதலில் சில விஷயங்களைத் தெளிவாக்கிக் கொள்வோம். அந்த நீலப் பைகளின் பெயர் புளூபாட்டில்; அது ஜெல்லி மீன் அல்ல. நீல டிராகன் புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டதும் அல்ல. 1777-லேயே அறிவியல் பெயர் பெற்ற ஒரு கடல் நத்தை அது. இந்த இரண்டும் ஒரே நாளில், ஒரே கரையில் ஒதுங்குவது தற்செயலும் அல்ல. ஒன்றை ஒன்று தின்று வாழும் ஒரு முழுச் சமூகத்தைக் காற்று மொத்தமாக வாரிக்கொண்டு வந்து போடுகிறது. அந்தச் சமூகத்தைப் புரிந்துகொண்டால் பயம் குறையும், ஆச்சரியம் கூடும்.

இவை வாழும் இடம்

கடல்வாழ் உயிர்கள் என்றால் தண்ணீருக்குள் நீந்துபவை, அடியில் ஊர்பவை என்றுதான் நினைக்கிறோம். கடலின் மேற்பரப்பையே வீடாக வைத்திருப்பவையும் உண்டு. உடலில் ஒரு பகுதி காற்றில், மறுபகுதி தண்ணீரில். இந்த வாழ்க்கைமுறை கொண்ட உயிர்களை மொத்தமாக நியூஸ்டன் என்கிறார்கள். கரையை விட்டு வெகுதூரத்தில், நடுக்கடலில்தான் இவை இருக்கும். நம் பக்கத்தில், மொசாம்பிக் பக்கமிருந்து தெற்கே பாயும் அகுல்ஹாஸ் நீரோட்டத்தின் வெதுவெதுப்பான நீரில் வரும். நீரோட்டம் கரைக்கு இணையாகப் போகிறது. கடலிலிருந்து காற்று அடிக்கும்போது கரைப் பக்கம் தள்ளப்படுகின்றன.

அந்த இடத்தில் வாழ்வது எளிதல்ல. அங்கே ஓர் உயிர் நிலைக்க மூன்று காரியங்களைச் சாதித்தாக வேண்டும்:

1. மூழ்கக் கூடாது. நாள் முழுக்க நீந்திக்கொண்டே இருக்க எந்த உயிருக்கும் சக்தி போதாது. ஆகவே ஏதோ ஒரு வகையில் காற்றைப் பிடித்து வைத்துக்கொள்ள வேண்டும்.

2. கண்ணில் படக் கூடாது. ஒளிந்துகொள்ளப் பாறையும் இல்லை, பாசியும் இல்லை. மேலே பறவை, கீழே மீன். இவற்றில் பெரும்பாலானவை நீலமாக இருப்பதற்கு இதுவே முக்கியக் காரணம் என்று கருதப்படுகிறது. மேலிருந்து பார்த்தால் ஆழ்கடலின் நிறத்தோடு கலந்துவிடும்.

3. வந்ததைப் பிடிக்க வேண்டும். இவை இரையைத் துரத்த முடியாது. காற்று எங்கே கொண்டுபோகிறதோ, அங்கே எது எதிர்ப்படுகிறதோ அதுதான் சாப்பாடு.

ஒரே தேர்வுக்கு ஒவ்வோர் உயிரும் எழுதியிருக்கும் விடை வேறு. எனக்கு இந்தக் கூட்டத்தின் மேல் இவ்வளவு பிரியம் வருவதற்கு அதுதான் காரணம்.

புளூபாட்டில்: ஒன்றா, பலவா?

கரையில் கிடக்கும் புளூபாட்டிலைக் குனிந்து பார்த்தால் (கை வைக்காமல்) முதலில் தெரிவது மிதவை. ஒளி ஊடுருவும் நீலப் பை. அதன் முகட்டில் இளஞ்சிவப்போ ஊதாவோ ஓடும் சுருக்கம். அதுதான் பாய். பைக்குள் இருப்பது வெறும் காற்று அல்ல. அதன் சுவரில் உள்ள ஒரு சுரப்பி கார்பன் மோனாக்சைடு வாயுவைத் தயாரித்து உள்ளே நிரப்புகிறது. கார் புகையில் வரும் அதே நச்சு வாயுவை மிதப்பதற்காகத் தானே செய்துகொள்ளும் விலங்கு இது.

பைக்குக் கீழே பார்த்தால் ஒரு கொத்து. அந்தக் கொத்தில் இருப்பவை ஒரே உடலின் உறுப்புகள் போலத் தெரியும். உண்மையில் ஒவ்வொன்றும் தனித்தனி விலங்கின் அமைப்புக் கொண்டது. இவற்றுக்கு ஸூவாய்ட் என்று பெயர். இப்படிப் பல ஸூவாய்டுகள் சேர்ந்து ஓர் உயிராக வாழும் இனங்கள் சைஃபனஃபோர் என்ற பிரிவில் வருகின்றன. ஜெல்லி மீனுக்குத் தூரத்து உறவு, அவ்வளவுதான்.

வேலைப் பிரிவினை கறாரானது. சில ஸூவாய்டுகளுக்கு வாயும் வயிறும் மட்டும் உண்டு. பிடிபட்ட குட்டி மீன்மேல் பல வாய்கள் வந்து ஒட்டி, உதடுகளை விரித்து, அதை முழுவதுமாகப் போர்த்திச் செரித்துவிடும். சிலவற்றின் வேலை நீண்ட கொட்டு நூலை நிர்வகிப்பது. வேறு சில இனப்பெருக்கத்துக்கு மட்டும். வேட்டையாடுவது சாப்பிடாது, சாப்பிடுவது வேட்டையாடாது. சத்து மட்டும் எல்லோருக்கும் போய்ச் சேரும்.

இவ்வளவும் ஒரே கருமுட்டையிலிருந்து வருகின்றன. நம் வீட்டுப் பின்புறத்து வாழையில் ஒரு கிழங்கிலிருந்து பக்கக் கன்றுகள் வெடிப்பது போல, முதல் உடலிலிருந்து அடுத்தடுத்து முளைக்கின்றன. ஆனால் பிரிவதே இல்லை, ஒன்று மற்றொன்றின் வேலையைச் செய்வதும் இல்லை. எல்லாவற்றுக்கும் மரபணு ஒன்றுதான். ஒரு கூட்டம் முழுவதும் ஆணாகவோ பெண்ணாகவோ இருக்கும்.

அப்படியானால் இது ஒரு விலங்கா, நூறு விலங்கா? உருவான விதத்தைப் பார்த்தால் பல. வாழும் விதத்தைப் பார்த்தால் ஒன்று. என்னைக் கேட்டால் ஒன்று என்றே சொல்வேன். தனியாக வாழ முடியாத ஒன்றைத் தனி உயிர் என்று எண்ணுவதில் பொருள் இல்லை. இன்னொரு உயிரியலாளர் மாற்றிச் சொன்னால் சண்டைக்குப் போகவும் மாட்டேன்.

எத்தனை இனம் என்ற கேள்விக்கும் அண்மையில்தான் விடை வந்தது. 1758-ல் ஸ்வீடன் இயற்கை அறிஞர் லின்னேயஸ் பெயரிட்ட பிறகு, உலகம் முழுக்க இருப்பது ஒரே இனம் என்று நெடுங்காலம் பலர் கருதி வந்தார்கள். 2025-ல் வெளியான மரபணு ஆய்வு குறைந்தது நான்கு இனங்கள் உண்டு என்று காட்டியது. பல நாட்டுப் பொதுமக்கள் கடற்கரையில் எடுத்துப் பதிவேற்றிய படங்களும் அந்த ஆய்வுக்குப் பயன்பட்டன. அட்லாண்டிக்கின் பெரிய வகையில் மிதவை ஓர் அடி வரை வரும், கொட்டு நூல்கள் 30 மீட்டர் வரை நீளலாம். டர்பன் கரையில் நாம் பார்ப்பது பெரும்பாலும் சிறியது; ஒரே ஒரு முதன்மை நூல் தொங்கும்.

இடப் பாய், வலப் பாய்

அடுத்த முறை கரையில் பல புளூபாட்டில்கள் கிடந்தால் கவனியுங்கள். பாய் சிலவற்றில் இடப்பக்கம் சாய்ந்திருக்கும், சிலவற்றில் வலப்பக்கம். ஒரே காற்றில் இந்த இரண்டு வகையும் வெவ்வேறு திசையில் விலகிப் போகும். காற்று ஒரு வகையைக் கரையில் தள்ளும்போது மற்றது கடலிலேயே தப்பிவிட வாய்ப்பு உண்டு. மொத்த இனமும் ஒரே நாளில் மணலில் காய்ந்து போகாமலிருக்க இது உதவும் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். ஒரு கரையில் ஒதுங்கியவற்றில் எந்தப் பக்கம் அதிகம் என்று எண்ணுவது பிள்ளைகளுக்கு நல்ல வேலை. ஒரு குச்சியும் இரண்டு கண்ணும் போதும்.

கொட்டுவது எப்படி, இறந்த பிறகும் ஏன் கொட்டுகிறது

நூலில் உள்ள நீல மணிகள் ஒவ்வொன்றிலும் கொட்டு அணுக்கள் நெருக்கமாக இருக்கின்றன. ஒவ்வோர் அணுவுக்குள்ளும் நெமட்டோசிஸ்ட் என்ற ஒரு நுண்ணிய உறை. அதற்குள் சுருட்டி வைத்த குழாய். தொடுதல் பட்டதும் உறைக்குள் இருக்கும் அழுத்தம் குழாயை வெளியே வீசி, தோலைத் துளைத்து நஞ்சை இறக்குகிறது. புளூபாட்டிலின் உறவான ஹைட்ராவில் இதை அதிவேகக் கேமரா வைத்து அளந்தார்கள். வீச்சு 700 நானோவினாடியில் முடிந்துவிடுகிறது, அதாவது ஒரு வினாடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல 50 லட்சம் மடங்கு முடுக்கம். விலங்குலகில் அறியப்பட்ட மிக வேகமான அசைவுகளில் இதுவும் ஒன்று.

இதற்கு மூளையின் கட்டளை தேவையில்லை. அணுவே தானாக வெடிக்கும். அதனால்தான் அறுந்த நூலும், மணலில் கிடந்து வாடிய நூலும் கொட்டுகின்றன. ஜூன், ஜூலையில் சார்டின் மீன் திரளும்போது கரைவலை இழுப்பவர்கள் ஈர வலையில் ஒட்டியிருக்கும் நீல நூலை வெறுங்கையால் தொட மாட்டார்கள். டர்பன் துறைமுகத்துச் சாலிஸ்பரி தீவில் ஒப்பந்தக் கூலிகளின் வழிவந்த தமிழ், தெலுங்கு மீனவக் குடும்பங்கள் ஒரு காலத்தில் வாழ்ந்தன. அவர்கள் கையாண்ட வலைகளுக்கும் இதே விதிதான்.

சரி, கொட்டிவிட்டால் என்ன செய்வது?

1. தண்ணீரை விட்டு உடனே வெளியே வாருங்கள். வலியில் தடுமாறி அலையில் சிக்குவது கொட்டியதைவிட ஆபத்து.

2. ஒட்டியிருக்கும் நூலைக் கையுறையோ இடுக்கியோ வைத்து மெதுவாக எடுங்கள். மணல் போட்டுத் தேய்க்காதீர்கள், துண்டால் துடைக்காதீர்கள். வெடிக்காமல் இருந்த அணுக்களும் வெடித்துவிடும்.

3. சூட்டைத் தாங்கும் அளவுக்கு, ஏறத்தாழ 45 டிகிரி வெந்நீரில் கொட்டிய இடத்தை 20 நிமிடம் வையுங்கள். பிள்ளைகளுக்கு முதலில் உங்கள் கையால் சூடு பாருங்கள். ஆஸ்திரேலியாவில் 96 பேரிடம் நடத்தி 2006-ல் வெளியிட்ட ஆய்வில், வெந்நீர் பயன்படுத்தியவர்களில் 87 சதவீதம் பேருக்கு 20 நிமிடத்தில் வலி குறைந்தது. ஐஸ் வைத்தவர்களில் 33 சதவீதம் பேருக்குத்தான்.

4. சிறுநீர் வேண்டாம். அதனால் பயன் இல்லை. வினிகர் பற்றி ஆய்வாளர்களிடையே இன்னும் ஒத்த கருத்து இல்லை, ஆகவே வெந்நீர்தான் பாதுகாப்பான வழி.

5. மூச்சுத் திணறல், முகம் வீங்குதல், தலைசுற்றல் இருந்தால் தாமதிக்கக் கூடாது. உயிர்காப்பாளரிடம் சொல்லி மருத்துவமனைக்குப் போங்கள்.

ஐந்தாவது புள்ளிக்குப் பின்னால் பெரிய வரலாறு இருக்கிறது. 1901-ல் மொனாக்கோ இளவரசர் முதலாம் ஆல்பெர்ட்டின் ஆய்வுக் கப்பலில் சார்ல்ஸ் ரிஷே, போல் போர்த்தியே என்ற இரண்டு பிரெஞ்சு அறிஞர்கள் புளூபாட்டிலின் பெரிய உறவின் நஞ்சை ஆராய்ந்தார்கள். பிரான்சுக்குத் திரும்பிய பின் அந்த உயிர் கிடைக்காததால், கடல் சாமந்தி என்ற, பூப்போல் தோன்றும் கடல் விலங்கின் நஞ்சை வைத்து நாய்களில் சோதனையைத் தொடர்ந்தார்கள். முதல் முறை தாங்கிக்கொண்ட நாய், சில வாரம் கழித்துக் கொடுத்த மிகச் சிறிய அளவிலேயே இறந்துபோனது. நஞ்சு கொஞ்சம் கொஞ்சமாகப் பழகும் என்று எதிர்பார்த்தவர்களுக்கு நேர்மாறான விளைவு. அதற்கு அவர்கள் வைத்த பெயர்தான் அனஃபிலாக்சிஸ். வேர்க்கடலை ஒவ்வாமை முதல் தேனீக் கொட்டு வரை இன்று மருத்துவர்கள் அஞ்சும் அதே கடும் ஒவ்வாமை. 1913-ல் ரிஷேவுக்கு நோபல் பரிசு கிடைத்தது. புளூபாட்டிலால் இப்படி நேர்வது அரிது. ஆனால் ‘போன வருஷமும் கொட்டியது, ஒன்றும் ஆகவில்லை’ என்பது இந்த வருஷத்துக்கு உத்தரவாதம் ஆகாது.

ஆயுதம் திருடும் டிராகன்

புளூபாட்டிலைத் தின்பதற்கும் ஆள் இருக்கிறது. சுண்டுவிரலின் பாதி நீளம், சுமார் 3 சென்டிமீட்டர், ஓடில்லாத ஒரு கடல் நத்தை. இருபுறமும் விசிறிபோல் விரியும் விரல்கள். இதுதான் படங்களில் வரும் நீல டிராகன். அறிவியல் பெயர் கிளாக்கஸ்.

மிதப்பதற்கு இது செய்யும் காரியம் எளிது: காற்றை விழுங்கி வயிற்றில் வைத்துக்கொள்கிறது. அதனால் தலைகீழாகத்தான் மிதக்கும். நாம் மேலிருந்து பார்க்கும் பளிச்சென்ற நீலம் அதன் முதுகு அல்ல, வயிறு. முதுகு வெள்ளி நிறம். கீழிருந்து பார்க்கும் மீனுக்கு மினுங்கும் நீர்ப்பரப்போடு அது கலந்துவிடும்.

கொட்டு அணுக்களோடு சேர்த்தே இது புளூபாட்டிலைத் தின்கிறது. வெடிக்காத நெமட்டோசிஸ்ட்டுகள் செரிமானக் குழாய் வழியாக அந்த விரல்களின் நுனிக்குப் போய், அங்குள்ள பைகளில் சேமிக்கப்படுகின்றன. அப்புறம் அவை டிராகனின் ஆயுதம். எதிரியிடமிருந்து எடுத்த ஆயுதத்தைச் சேர்த்து வைப்பதால் அதன் கொட்டு சில சமயம் புளூபாட்டிலையே மிஞ்சும். அழகாக இருக்கிறதே என்று உள்ளங்கையில் வைத்துப் படம் எடுப்பவர்களைப் பார்க்கும்போது எனக்குப் பதறுகிறது. வேண்டாம். ஒரு சிறு வாளியில் கடல் நீரை எடுத்து, சிப்பியால் ஏந்தி அதில் விட்டுப் பாருங்கள். விரல்களை மெல்ல அசைத்துத் திரும்புவது இன்னும் அழகு.

ஆயுதத் திருட்டில் டிராகன் தனியாக இல்லை. டிரெமோக்டோபஸ் என்ற போர்வை ஆக்டோபஸ், புளூபாட்டில் குடும்பத்தின் கொட்டு நூல் துண்டுகளைக் கைகளில் பிடித்துக்கொண்டு திரிவதை 1963-லேயே பதிவு செய்திருக்கிறார்கள். அந்த இனத்தில் பெண் இரண்டு மீட்டர் வரை வளரும். ஆண் இரண்டரை சென்டிமீட்டரைத் தாண்டுவதே அரிது.

குமிழியில் தொங்கும் நத்தை

என்னிடம் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்கச் சொன்னால் டிராகனை விட்டுவிட்டு ஜான்தினாவைத்தான் எடுப்பேன். ஊதா நிற நத்தை. ஓடு முட்டை ஓடு போல மெல்லியது. கரையில் உடையாமல் கிடைத்தால் அதிர்ஷ்டம்.

அது மிதக்கும் முறையைக் கவனியுங்கள். பாதத்தை நீருக்கு மேலே நீட்டி, ஒரு துளிக் காற்றைக் கவிழ்த்துப் பிடித்து, அதைக் கோழையால் மூடுகிறது. கோழை இறுகி ஒரு குமிழி ஆகிறது. பிறகு இன்னொன்று, இன்னொன்று. குமிழிகள் ஒட்டித் தெப்பமாகின்றன. நத்தை வாழ்நாள் முழுக்க அதன் கீழே தலைகீழாகத் தொங்குகிறது. வளர்ந்த நத்தைக்கு நீந்தத் தெரியாது. தெப்பத்தை விட்டுப் பிரிந்தால் மூழ்கும், மூழ்கினால் குமிழி செய்யக் காற்று இல்லை, அத்தோடு முடிந்தது. வளர்ந்ததுக்குக் கண்ணும் கிடையாது. முட்டிக்கொள்ளும் புளூபாட்டிலையும் மற்ற நீல உயிர்களையும் தின்று வாழ்கிறது. இளமையில் ஆணாக இருந்து பிறகு பெண்ணாக மாறும்.

கடல் அடியில் ஊர்ந்த நத்தைக்கு இந்த யோசனை எங்கிருந்து வந்தது? 2011-ல் வெளியான மரபணு ஆய்வு ஒரு விடை தந்தது. இதன் நெருங்கிய உறவுகள் அடியில் வாழ்ந்து கடல் சாமந்திகளையும் பவளங்களையும் தின்பவை. முட்டைகளைக் கோழைப் பொதியாக வைப்பவை. அந்த முட்டைப் பொதியில் காற்று புகுந்து, பெண் நத்தை அதோடு மேலே வந்ததுதான் தொடக்கம் என்று ஆய்வு சொல்கிறது. முட்டைக்கென்று இருந்த பொதி, பிறகு எல்லாருக்கும் தெப்பமாகிவிட்டது. இருந்த பொருளை வேறு வேலைக்குத் திருப்புவது பரிணாமத்தின் வழக்கம். இவ்வளவு துணிச்சலான உதாரணம் எனக்கு வேறு தெரியவில்லை.

மற்றவர்களைச் சுருக்கமாகச் சொல்லலாம். வெலெல்லா, ஒரு நீல வட்டத்தின் மேல் நிமிர்ந்து நிற்கும் சிறு பாய். காய்ந்த பிறகு கண்ணாடித்தாள் போல மணலில் பறக்கும். அதன் நீலம் அஸ்டாக்சாந்தின் என்ற நிறமி புரதத்தோடு சேர்ந்ததால் வருவது. நண்டைக் கொதிக்கவைத்தால் சிவக்கிறதே, அதே நிறமிதான் அங்கே புரதத்திலிருந்து விடுபடுகிறது. போர்பிட்டா, நாணயம் அளவு நீலப் பொத்தான். ஹலோபாட்டிஸ், நீர்மேல் ஓடும் பூச்சி. நடுக்கடலில் வாழ்நாளைக் கழிக்கும் பூச்சிகள் இந்த ஓர் இனக்குழுவில் மட்டும்தான் உண்டு.

இதனால் நமக்கு என்ன?

குவாசுலு நட்டாலின் வடக்கே, இசிமங்கலிசோ பூங்காவின் கரையில் பெருந்தலை ஆமைகளும் தோணி ஆமைகளும் கோடையில் முட்டையிடுகின்றன. அங்கே 1963 முதல் அவற்றைக் கணக்கெடுத்துப் பாதுகாத்து வருகிறார்கள். பொரிக்கும் குஞ்சுகள் நேராகக் கடலுக்கு ஓடி அகுல்ஹாஸ் நீரோட்டத்தைப் பிடிக்கின்றன. ஆழமாக மூழ்கத் தெரியாத அந்த வயதில் பெருந்தலை ஆமைக் குஞ்சு மேற்பரப்பில் கிடைப்பதைத்தான் தின்னும். கிடைப்பவை யார் என்றால் புளூபாட்டில், வெலெல்லா, ஜான்தினா. நாம் காலால் தள்ளிவிட்டுப் போகும் நீலப் பைதான் அந்தக் குஞ்சுக்கு முதல் வருடச் சோறு.

அதே மேற்பரப்பில்தான் பிளாஸ்டிக்கும் மிதக்கிறது. 2017 அக்டோபர் 10-ஆம் தேதி அடித்த புயலில் டர்பன் துறைமுகத்தில் கப்பலிலிருந்து கொள்கலன்கள் விழுந்து, சுமார் 49 டன் பிளாஸ்டிக் மணிகள் கடலில் கலந்தன. ஒவ்வொன்றும் பருப்பு அளவு. அவை மேற்குக் கேப் கரை வரை போயின. தெற்குக் கரையில் ஒதுங்கிய பெருந்தலை ஆமைக் குஞ்சுகளின் குடலில் பிளாஸ்டிக் இருப்பதை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். அந்தக் குஞ்சுகளைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. லட்சக்கணக்கான ஆண்டுகளாக மேற்பரப்பில் மிதந்தது எல்லாம் உணவாகவே இருந்தது.

அப்படியானால் நடுக்கடலுக்குப் போய் பிளாஸ்டிக்கை வலை போட்டு வாரிவிடலாமே என்று தோன்றும். அங்கேதான் சிக்கல். வட பசிபிக்கில் குப்பை சேரும் பகுதியில் எடுத்த மாதிரிகளை வைத்து 2023-ல் வெளியான ஆய்வு, வெலெல்லா, போர்பிட்டா, ஜான்தினா மூன்றும் அங்கே அதிகமாகச் சேர்ந்திருப்பதைக் காட்டியது. காற்றும் நீரோட்டமும் மிதப்பவை எல்லாவற்றையும் ஒரே இடத்தில்தான் குவிக்கின்றன. குப்பை என்றும் உயிர் என்றும் அவை பிரிப்பதில்லை. மேற்பரப்பை வாரும் வலையும் பிரிக்காது.

ஆகவே கடலுக்குப் போய்ச் சேர்வதற்கு முன்னால், ஆற்றிலேயே நிறுத்துவதுதான் சரியான இடம் என்பது என் கருத்து. டர்பனில் உம்கேனி போன்ற ஆறுகளின் குறுக்கே மிதவைத் தடுப்புகள் கட்டிக் குப்பையை அள்ளுகிறார்கள். ஆற்று நீரில் புளூபாட்டிலும் இல்லை, ஜான்தினாவும் இல்லை. அங்கே வாரினால் குப்பை மட்டும்தான் வரும். பெருமழைக்கு முந்தைய வாரங்களில் அந்தத் தடுப்புகளைக் காலி செய்து வைத்திருப்பது, மழைக்குப் பிந்தைய கடற்கரைச் சுத்தத்தைவிடப் பல மடங்கு பயன் தரும்.